பக்கத்து அறையிலிருந்து

செப்டம்பர் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டிகள் இரண்டும் உடையாமல் வந்தன. நீ கட்டிக் கொடுத்த பொடி டப்பா மட்டும் மூடி திறந்துகொண்டு, என் துணியெல்லாம் இப்போது நம் சமையலறை வாசனை அடிக்கிறது. துவைக்க மனசு வரவில்லை.

கிளம்பும் நேரத்தில் நீ வாசலுக்கு வராதது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டூட்டி இருக்கிறது என்றாய். அன்று உனக்கு டூட்டி இல்லை என்று எனக்குத் தெரியும். போகட்டும். நானும் ‘போனா திரும்பி வரவே மாட்டேன்’ என்று கத்தியிருக்கக் கூடாது. அது வாய் சொன்னது, மனசு சொன்னதில்லை. அழித்துவிடு.

வீடு மூன்றாவது மாடி. இரண்டு அறை, நடுவில் ஒரு சமையலறை, ஒரு குளியலறை. தெருப்பக்கத்து அறை என்னுடையது. கட்டில், மேசை, சுவரோரம் ஒரு கேஸ் ஹீட்டர். குளிர் காலம் வந்தால் அதைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டுமாம். பக்கத்து அறை பூட்டியிருக்கிறது. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம், அங்கே யாராவது வருவார்களா என்று கேட்டேன். “அது உனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பார் போலிருக்கிறது.

ஃபோன் கிடையாது. நடைவழிச் சுவரில் முன்பு ஒன்று இருந்ததற்கு அடையாளமாக இரண்டு திருகு ஓட்டையும் வெட்டிவிட்ட ஒரு வயரும் இருக்கின்றன. ஆகவே கடிதம்தான். பத்து நாள் ஆகும் என்கிறார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் வேலை தொடங்கிவிட்டது. சிமெண்டும் மணலும் ஜல்லியும் கலந்து கட்டி கட்டியாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, ஏழாம் நாள் சிலதையும் இருபத்தெட்டாம் நாள் மீதியையும் இயந்திரத்தில் வைத்து நொறுக்க வேண்டும், எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்க்க. இதற்காகவா கடல் தாண்டிப் போனாய் என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது.

நன்றாகச் சாப்பிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறேன். கவலைப்படாதே.

உன் மகள்

* * *

செப்டம்பர் 17

செல்ல மகள் வாலுவுக்கு அம்மா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை படிக்கும்போது இரண்டாம் பலகைக்காரி பிடுங்கிக்கொண்டாள். (ஆஸ்பத்திரி டெலிஃபோன் அறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறு பலகையில் அழைப்புகளை இணைக்கிறாளே, வெற்றிலைக்காரி, அவள்தான்.) “உம் பொண்ணு எழுத்து உன்னைவிட அழகு” என்றாள்.

அன்றைக்கு டூட்டி இல்லைதான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு வெளியே வந்தேன். உன் முகத்தைப் பார்த்திருந்தால் ‘போகாதே’ என்று சொல்லியிருப்பேன். அது உனக்கு இன்னும் பாரம். அவ்வளவுதான், இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்து அறை பூட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டு, அங்கே இருக்கும் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்? நம் பாஷை பேசும் பெண் துணைக்குக் கிடைத்திருக்கிறாள் என்றால் அம்மா வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்காதா?

நீ போன ஐந்தாம் நாள், மத்தியானம் மூன்று மணி. ஆஸ்பத்திரி பலகை கொஞ்சம் மூச்சு விடும் நேரம். ஒரு அழைப்பு.

“ஆஸ்பத்திரி. சொல்லுங்க.”

“அம்மா, நான் பக்கத்து ரூம்.”

“எந்த வார்டுமா?”

“வார்டு இல்லம்மா. உங்க பொண்ணோட பக்கத்து ரூம்.”

எனக்குப் பதற்றமாகிவிட்டது. அவளே சமாதானம் சொன்னாள். “பயப்படாதீங்க. நல்லாத்தான் இருக்கா. ஆனா சரியாச் சாப்பிடறதில்ல. குழாயைத் திறந்து விட்டுட்டு அழறா, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. எனக்குக் கேக்குது.”

அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் மூன்று மணிக்குக் கூப்பிடுகிறாள். நீ பஸ்ஸில் குடையை விட்டது, கையில் சிமெண்ட் பட்டுப் புண்ணானது, எல்லாம் சொல்கிறாள். கொஞ்சம் சளி பிடித்த குரல். பேசி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் “நீங்க சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்கிறாள். நான் திருப்பி “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

அவளுக்கு ஏதாவது சமைத்துக் கொடு. குழாயை மூடிவிட்டு அழு. அழுகை ஒன்றும் குற்றமில்லை.

உன் அம்மா

* * *

செப்டம்பர் 28

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கசக்கி எறிந்தேன். பயத்திலா கோபத்திலா என்று எனக்கே தெரியவில்லை. இப்போது கோபம்தான் மிச்சம்.

பக்கத்து அறையில் யாருமே இல்லை. பூட்டு தொங்குகிறது, பூட்டின் மேல் தூசி இருக்கிறது. இந்தக் கட்டிடத்தில் நம் பாஷை பேசும் ஆள் ஒருவர்கூட இல்லை. உன் ஆஸ்பத்திரி எண்ணை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அப்படியானால் யார் அம்மா இது? என் குடை, என் கை, என் குளியலறை எல்லாம் யார் உன்னிடம் சொல்வது? என்னை வேவு பார்க்க யாரை ஏற்பாடு செய்திருக்கிறாய்? பல்கலைக்கழகத்தில் யாரையாவது பிடித்தாயா? நீ பிடிக்கக்கூடிய ஆள்தான். பத்தாம் வகுப்பில் என் வகுப்புத் தோழியைப் பிடித்து நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தவள்தானே நீ. அதை மறைக்க இப்படி ஒரு கதை வேண்டுமா?

குழாய் விஷயம் யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுவதற்குக்கூட எனக்கென்று ஓர் இடம் கிடையாதா?

நேற்று அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தேன். யாரும் திறக்கவில்லை. என்ன பைத்தியக்காரத்தனம் செய்ய வைக்கிறாய் பார்.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம். நானும் எழுதவில்லை.

மகள்

* * *

அக்டோபர் 8

என் கண்ணே,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் முடியாது. என்மேல் கோபம் இருந்தாலும் இதை முழுக்கப் படி. அப்புறம் கிழித்துப் போடு.

பத்தாம் வகுப்பில் செய்தது தப்புதான். இப்போது நான் யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. உன் அப்பா போட்டோவின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே அவள் கூப்பிட்டாள். “பக்கத்து ரூம்ல யாரும் இல்லன்னு எம் பொண்ணு எழுதியிருக்காளே” என்றேன். உடனே, “கதவைத் தட்டினாம்மா. நான் வந்தேன். வந்து நின்னேன். திறக்கத் தெரியல” என்றாள்.

நீ கதவைத் தட்டினாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தானே எனக்குத் தெரியும்? அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டு அழைப்பென்றால் நாம் சொன்னது போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு மூச்சு நேரம் ஆகும். இவள் அழைப்பில் அந்த இடைவெளி இல்லை. நான் முடிக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது. அதனால் அன்றைக்கே, பேச்சு முடியும் முன், இரண்டாம் பலகைக்காரிக்குச் சைகை காட்டி என் லைனில் சேர்ந்து கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வெளிறிப் போனாள். “நீ பேசறது மட்டுந்தான் கேக்குது. எதிர்ல ஸ்ஸ்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.” பலகையில் வெளி லைன் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை என்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தோம்.

பயந்துபோய், இனி எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நேற்று மூன்று மணிக்குக் கை தானாகப் போயிற்று. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“அம்மா, குளிர் வந்திடுச்சு. அந்த ஹீட்டரைப் பத்த வைக்க வேணாம்னு அவகிட்ட சொல்லுங்க. ஜன்னலைச் சாத்த வேணாம்னு சொல்லுங்க. நான் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், அவளுக்குக் கேக்கல.”

“ஏம்மா, ஹீட்டருக்கு என்ன?”

“தெரியல. எனக்குத் தூக்கம் தூக்கமா வந்துச்சு. தலை வலிச்சுது. வேற ஒண்ணும் தெரியலம்மா.”

கண்ணு, அவள் யாரோ, எனக்குத் தெரியாது. எனக்குப் புத்தி பிசகியிருந்தாலும் பிசகியிருக்கட்டும். நீ அந்த ஹீட்டரைத் தொடாதே. இந்தக் கடிதம் வர நாளாகும் என்பதால் ஆஸ்பத்திரி சூப்பரிண்டெண்டிடம் கெஞ்சி, உங்கள் துறை அலுவலகத்துக்கும் ஃபோன் போடப் போகிறேன். அம்மா பேசும் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். ‘லைனில் இருங்கள்’ என்பதைத் தாண்டிப் போகாது. இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

உன் அம்மா

* * *

அக்டோபர் 24

அம்மா,

உயிரோடு இருக்கிறேன். இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

உன் கடிதம் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. பிரிக்கவில்லை. பைக்குள் செருகிவிட்டேன். அவ்வளவு வீம்பு. குளிர் திடீரென்று இறங்கி, அன்றைக்குத்தான் ஹீட்டரைப் பற்றவைத்திருந்தேன். ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினேன்.

அடுத்த நாளிலிருந்து காலையில் எழுந்தால் தலையைப் பிளக்கும் வலி. வாந்தி வரும்போல் இருக்கும். கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சரியாகிவிடும். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். இருபத்திரண்டாம் தேதி காலை எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று படுத்துக்கொண்டே இருந்தேன். அப்போது சுவரில் யாரோ தட்டினார்கள் அம்மா. பக்கத்து அறைப் பக்கத்திலிருந்து. விடாமல், கையால் அடிப்பது போல. அந்த எரிச்சலில்தான் எழுந்தேன்.

துறை அலுவலகத்தில் என் பெயருக்கு ஒரு சீட்டு காத்திருந்தது. ‘உங்கள் தாயார் ஃபோன் செய்தார். குளிரைப் பற்றி ஏதோ சொன்னார்.’ நான் அந்தப் பக்கம் போகாததால் இரண்டு வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது. குளிரைப் பற்றிச் சொல்ல இவ்வளவு தூரம் ஃபோன் போடுகிறவள் இல்லையே நீ என்று பைக்குள் கிடந்த உன் கடிதத்தைப் பிரித்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டே படித்தேன். கூடத்துப் பணியாளர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மத்தியானம் நேராக வீட்டுக்காரம்மாவிடம் போனேன். ஹீட்டர் என்று ஆரம்பித்ததுமே, “தலை வலிக்கிறதா உனக்கு?” என்று கேட்டார். முகத்தில் ரத்தமில்லை. மாடிக்கு வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, படியில் உட்கார்ந்து சொன்னார்.

இரண்டு வருடம் முன்பு அந்த அறையில் ஒரு பெண் இருந்தாள். நம் ஊர்ப்பக்கத்துப் பெண்தானாம். வீட்டை எதிர்த்துக்கொண்டு படிக்க வந்தவள். குளிர்கால விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போனபோது இவள் மட்டும் போகவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கட்டிலில் தூங்குவதுபோல் கிடந்தாளாம். அதற்கு முந்தின வாரம் சளி, ஜுரம், தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்ததால், ஜுரம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். வீட்டுக்குத் தகவல் போனது. யாரும் வரவில்லை.

கேஸ் குழாய் பார்க்கிறவர் வந்தார். என் ஹீட்டரின் புகை வெளியேறும் குழாய் அந்தப் பூட்டிய அறையின் சுவர் வழியாகத்தான் போகிறது. அங்கே இணைப்பு கழன்று, புகை வெளியே போகாமல் இரண்டு அறைக்குள்ளும் கசிந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் ஹீட்டருக்கும் அதே குழாய்தான். வாசனையே இல்லாத விஷக் காற்று. “இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நீங்க எழுந்திருந்திருக்க மாட்டீங்க” என்றார். வீட்டுக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, “ஜுரமில்லையா, அப்போ ஜுரமில்லையா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அறையை நானும் பார்த்தேன். விரித்த கட்டில், ஒரு ஸ்வெட்டர். மேசை இழுப்பறையில் ஒரு கட்டுக் கடிதம். அவள் அம்மாவுக்கு எழுதியவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாவற்றின் மேலும் ‘வாங்க மறுப்பு’ என்று முத்திரை. எண்ணிப் பார்க்க முடியவில்லை.

நேற்றே பல்கலைக்கழக விடுதிக்கு மாறிவிட்டேன். முகவரி பின்னால் இருக்கிறது.

அவள் கூப்பிட்டால் என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. என் சார்பில் ஏதாவது சொல். உன்னை நம்பாததற்கு என்னை மன்னித்துவிடு.

உன் வாலு

* * *

நவம்பர் 5

என் தங்கமே,

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முந்தின பத்து நாள் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

இருபத்தைந்தாம் தேதி அவள் கூப்பிட்டு, “அம்மா, அவ போயிட்டாளா? ரூம் காலியா இருக்கு. சத்தமே இல்ல” என்றாள். போயிட்டாளா என்றால்? எங்கே போயிட்டாள்? “உன்கூட இருக்காளா?” என்று கேட்டேன். எந்தத் தாயும் கேட்கக் கூடாத கேள்வி. “இல்லம்மா, எங்கூட யாருமே இல்ல” என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உன் கடிதம் வரும்வரை சோறு இறங்கியது. மறுபடி உன் துறைக்கு ஃபோன் போட்டேன். விடுமுறை, யாரும் எடுக்கவில்லை.

நேற்று உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது மணி மூன்று.

“அம்மா, நான் பக்கத்து ரூம்.”

உன் சார்பில் நன்றி சொன்னேன். எத்தனையோ பேசினேன். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கடைசியில், “அவ இங்க வரமாட்டா இல்ல? அப்ப நான் அங்க வரட்டுமா, உங்ககிட்ட?” என்றாள்.

என் வாய் ‘வா’ என்று சொல்லப் போயிற்று, கண்ணு. சத்தியமாகச் சொல்லப் போயிற்று. நீ போனதிலிருந்து வீட்டில் ஒரு தட்டுதான். ஆனால் அந்த நேரத்தில் அறை முழுக்க ஜில்லென்று ஆகி, என் கண் சொருகிற்றாம். இரண்டாம் பலகைக்காரி ஓடிவந்து என் பலகையில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். “யார்கிட்டடி பேசற? செருகியிருக்கறது எந்த லைன்லயும் இல்ல” என்று அழுதாள்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஃபோனில் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. அவள் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். அதனால் எழுதியிருக்கிறேன். இத்துடன் தனி உறையில் வைத்திருக்கிறேன். நீ அந்த வீட்டுக்குப் போய், கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வா. பகலில் போ. தனியாகப் போகாதே.

உன் அம்மா

* * *

நவம்பர் 5

பக்கத்து அறை மகளுக்கு,

அம்மா என்று கூப்பிட்டாய், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பலகையில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறேன். வார்டில் எடுக்க ஆளில்லாதபோது, டாக்டர் வர நேரமாகும்போது, அது என் தலையில் விழும். அதை மெதுவாகச் சொல்ல வேண்டும். ஆனால் சுற்றி வளைக்கக் கூடாது. உனக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கண்ணு, அந்தத் தூக்கத்திலிருந்து நீ எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷமாகிறது. ஹீட்டர் குழாய் கழன்றிருந்தது. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சரிசெய்துவிட்டார்கள். இனி அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அது உன்னால்தான். என் மகள் உயிரோடு இருப்பதும் உன்னால்தான்.

உன் அம்மா ஏன் கடிதங்களைப் பிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நானும் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றவள். உள்ளே நிற்கிறவளுக்கும் வெளியே போகிறவளின் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இதைவிட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே வரட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் மகளே. நீ வந்தால் நானும் உன்னோடு வந்துவிடுவேன் போலிருக்கிறது. என் மகள் இன்னும் படித்து முடிக்கவில்லை. யாருக்கும் காவல் இருக்க வேண்டாம். யாரையும் கூப்பிட வேண்டாம். ஓய்வெடு.

உன்னைப் பெறாத ஓர் அம்மா

* * *

நவம்பர் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று காலை பதினோரு மணிக்குப் போனேன். வீட்டுக்காரம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். மாடிப்படி திருப்பம் வரைதான் அவரால் வர முடிந்தது. அங்கேயே நின்றுகொண்டார்.

நடைவழியில் நல்ல வெயில். பூட்டு முன்புபோலவே தொங்கியது. மண்டியிட்டு உறையைக் கதவுக்கு அடியில் வைத்து விரலால் தள்ளினேன். பாதி உள்ளே போனதும், தரைவிரிப்பு தடுத்ததோ என்னவோ, நின்றுவிட்டது. கையை எடுத்துவிட்டேன். குச்சி ஏதாவது கிடைக்குமா என்று திரும்பிப் பார்த்தேன்.

மறுபடி பார்த்தபோது உறை நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து, மெதுவாக, மடங்கிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து இழுப்பதுபோல. கடைசி மூலை மறையும்வரை நான் மூச்சு விடவில்லை. பிறகு உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரம்மா கீழேயிருந்து, “ஆச்சா? வா, போகலாம்” என்று கூப்பிட்டார். நான் போகவில்லை அம்மா. எப்படியோ பயம் போய்விட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். உன் கடிதம் ஒரு பக்கம்தான் என்றாலும், அவள் இரண்டு மூன்று தடவை படிப்பாள் என்று தோன்றியது. படித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

உன் மகள்